புறநகர் வேலைக்குப் புறப்படுமுன்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு முகவரி என்பது பெரிதாகத் தேவைப்பட்டதில்லை. தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் தெரிந்தால் போதும். கடிதம் ஆபீசுக்கு வந்து சேரும். யாரையேனும் தேடி வருபவர் தகப்பனார் பெயரைச் சொன்னால் கடைசி லயம்வரை கையைப் பிடித்து அழைத்துச் சென்று விடுவார்கள். வேலைத்தலமும் வீடும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. வீட்டுக்கு வாடகை என்ற பேச்சே இல்லை. இத்தகைய வாழ்க்கையிலிருந்து ஆறு மாத ஒப்பந்தத்துக்காகவோ ஓராண்டுப் பயிற்சிக்காகவோ ஒரு புறநகருக்குப் போகும் இளைஞன், அங்கே எதனைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாறு போவது புதிதன்று. 1970களில் சுங்கைவே சுதந்திர வர்த்தக வட்டாரத்தில் மின்னியல் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டபோது, தோட்டத்துப் பெண்பிள்ளைகள் பலர் துணிமணிகளைப் பையில் கட்டிக்கொண்டு அங்கே போனார்கள். 'ஆறு மாதந்தான், தம்பியின் படிப்புச் செலவுக்கு' என்று சொல்லிப் போனவர்களுள் சிலர் அங்கேயே பேரன் பேத்தி எடுத்துவிட்டதையும் நாம் அறிவோம். ஆயினும் எல்லாரும் நிலையாகக் குடியேறுவதற்குப் போவதில்லை. குறிப்பிட்ட காலத்துக்குப் போய், குறிப்பிட்ட தொகையைச் சேர்த்துக்கொண்டு திரும்ப எண்ணுபவர்களும் உண்டு. அவர்களை மனத்தில் வைத்தே இதனை எழுதுகிறேன்.

என் தங்கை மகன் அத்தகையவன். பேராவில் ஒரு தோட்டத்தில் அவனுடைய தகப்பனார் ஓய்வுபெறும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீட்டையும் ஒப்படைத்தாக வேண்டும். அருகிலிருந்த சிறு பட்டணத்தில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்டக் கொஞ்சம் தொகை குறைந்தது. அதற்காகவே அவன் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலைக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் புறப்பட்டான்.

போன முதல் நாளே எனக்குத் தொலைபேசியில் அழைப்பு வந்தது. "மாமா, செக்‌ஷன் பதினாலுலதான் நிக்கிறேன். அப்படி ஒரு ஆபீசே இங்க இல்லைன்னு சொல்றாங்க" என்றான். ஆள் சேர்ப்பவர் அவனிடம் 'செக்‌ஷன் 14, சிலாங்கூர்' என்று மட்டும் சொல்லியிருந்தார். அவனும் கோலாலம்பூரில் பேருந்தை விட்டிறங்கி, எல்.ஆர்.டி. ரயிலேறி, ஆசியா ஜெயா நிலையத்தில் இறங்கி, பெட்டாலிங் ஜெயாவின் 14ஆம் பிரிவில் வெயிலில் நின்றுகொண்டிருந்தான். அவன் போகவேண்டியதோ ஷா ஆலமின் 14ஆம் பிரிவு. இரண்டுக்கும் இடையே பதினைந்து கிலோமீட்டருக்கும் மேல் தொலைவு. ஒன்பது மணிக்கு வரச்சொன்ன இடத்துக்கு அவன் பன்னிரண்டு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தான். அந்த நாளின் கூலி போயிற்று.

எண்களால் ஆன ஊர்கள்

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் அந்நகரங்கள் பிறந்த முறையாகும். கோலாலம்பூரில் நெருக்கடி மிகுந்தபோது, அதனைத் தணிக்க 1950களின் தொடக்கத்தில் எபிங்ஹாம் என்னும் ரப்பர் தோட்டத்தின் ஏறத்தாழ 1,200 ஏக்கர் நிலத்தில் பெட்டாலிங் ஜெயா அமைக்கப்பட்டது. 1974ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. தலைநகரை இழந்த சிலாங்கூருக்கு 1978 டிசம்பர் 7ஆம் நாள் ஷா ஆலம் தலைநகரானது. அதுவும் சுங்கை ரெங்கம் வட்டாரத்துத் தோட்ட நிலமே. சுபாங் ஜெயா 1976ஆம் ஆண்டு முதல் சீபீல்டு தோட்டத்தின் மீது எழுந்தது. ஷா ஆலம் 2000ஆம் ஆண்டிலும், பெட்டாலிங் ஜெயா 2006ஆம் ஆண்டிலும், சுபாங் ஜெயா 2020ஆம் ஆண்டிலும் மாநகரத் தகுதி பெற்றன.

ஆக, நம் பிள்ளைகள் அந்நியமான இடம் என்று அஞ்சிப் போகும் அந்த ஊர்கள், நம் பாட்டன்மார் பால்மரம் வெட்டிய நிலங்கள்தாம். இன்றும் ஷா ஆலமில் மிட்லண்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளியும் சுபாங் ஜெயாவில் சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளியும் அப்பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. மரம் போன பின்னும் பெயர் நின்றுவிட்டது.

திட்டமிட்டுக் கட்டப்பட்ட நகரங்கள் ஆதலால் அவை பிரிவு பிரிவாக வகுக்கப்பட்டுள்ளன. 'செக்‌ஷன்' என்று நாம் பேச்சில் வழங்குவது இதனையே. வீதிப் பெயரில் சாய்கோட்டுக்கு முன்னே நிற்கும் எண் பெரும்பாலும் பிரிவைக் குறிக்கும். பின்னே நிற்பது அப்பிரிவினுள் அந்த வீதியின் எண். பெட்டாலிங் ஜெயாவில் 'ஜாலான் 14/20' என்றால் 14ஆம் பிரிவின் 20ஆம் வீதி. ஷா ஆலமில் 'ஜாலான் உத்தாஸ் 15/7' என்றால் 15ஆம் பிரிவின் 7ஆம் வீதி. அங்கே எண்ணோடு ஒரு பெயரும் சேர்ந்து வரும். பெட்டாலிங் ஜெயாவையும் சுபாங்கையும் சார்ந்த பகுதிகளில் 'எஸ்.எஸ்.' என்ற எழுத்துகளைக் காணலாம். அவை சுங்கைவே, சுபாங் என்னும் பெயர்களின் சுருக்கம். 'பி.ஜே.எஸ்.' என்பது பெட்டாலிங் ஜெயாவின் தென்பகுதி, 'பி.ஜே.யு.' வடபகுதி. ஷா ஆலமின் வடபுறத்தில் எண்ணுக்கு முன் 'யு' என்னும் எழுத்து வரும். 15ஆம் பிரிவு வேறு, 'யு15' வேறு என்பதனை நன்கு நினைவில் வைக்கவேண்டும்.

இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்ய இயலாவிடினும் ஒன்றைச் செய்யலாம். யார் முகவரி கொடுத்தாலும் ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 40 என்று தொடங்கினால் ஷா ஆலம். 41 என்றால் கிள்ளான். 46 என்றால் பெட்டாலிங் ஜெயா. 47 என்று தொடங்குவது பெட்டாலிங் ஜெயாவின் சில பகுதிகளுக்கும் சுபாங் ஜெயாவுக்கும் உண்டு. கைபேசி வரைபடத்தில் 'செக்‌ஷன் 14' என்று மட்டும் எழுதித் தேடினால் அது எந்த ஊருக்கு வழிகாட்டும் என்று சொல்ல முடியாது. குறியீட்டையும் சேர்த்து எழுதினால் வழி தவறாது.

வாடகை மலிவா, வழி சுருக்கமா?

இந்நகரங்களில் குடியிருப்பு ஒருபுறமும் தொழிற்சாலைகள் வேறொருபுறமுமாகப் பிரித்தே கட்டப்பட்டுள்ளன. இரண்டுக்கும் நடுவே ஆறு தடங்கள் கொண்ட நெடுஞ்சாலை குறுக்கிடுவது சாதாரணம். வரைபடத்தில் ஒரு கிலோமீட்டராகத் தெரியும் தூரத்தை நடந்து கடக்க நடைபாலம் இல்லாமல் போகலாம். தோட்டத்தில் குறுக்கு வழி என்று ஒன்று உண்டே, அது இங்கே கிடையாது. ஆகையால் தங்குமிடம் தேடும்போது வாடகையை முதலில் பாராமல், வேலைத்தலத்துக்குப் போகும் வழியை முதலில் பார்க்கவேண்டும்.

தொழிற்சாலைப் பேருந்து உண்டா, உண்டென்றால் எந்தெந்த இடங்களில் நிற்கும் என்பதே நேர்முகத் தேர்வில் கேட்கத் தகுந்த முதற்கேள்வி. பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை கிடைத்தால் ஐம்பது வெள்ளி கூடுதலாகக் கொடுத்தாலும் நட்டமில்லை. அதிகாலை ஷிப்டுக்கும் நள்ளிரவு ஷிப்டுக்கும் பொதுப் போக்குவரத்தை நம்ப முடியாது. பகல் வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி சற்று அதிகம். கிளானா ஜெயா எல்.ஆர்.டி. தடம் 1998ஆம் ஆண்டு முதல் பெட்டாலிங் ஜெயாவையும், 2016ஆம் ஆண்டு முதல் சுபாங் ஜெயாவையும் இணைக்கின்றது. கே.டி.எம். கொமுட்டர் ரயில் பத்து தீகா, ஷா ஆலம், கிள்ளான் வழியே ஓடுகின்றது. ஆனால் ஷா ஆலம் நிலையத்தில் இறங்குபவர் நகர மையத்துக்கு இன்னொரு வாகனம் ஏறியாக வேண்டும். 2015ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்மார்ட் சிலாங்கூர் இலவசப் பேருந்து எந்த வழியே செல்கிறது என்பதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்களே நம்மவரில் மிகுதி. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனித்தடம் உண்டு. நம் நாட்டில் முதன்முதலாக 1970களில் அமைக்கப்பட்டது அதுவே. கனரக வாகனங்களிலிருந்து அது காப்பாற்றும் என்பது உண்மை. ஆனால் தடம் குறுகலானது. வளைவுகள் திடீரென்று வரும். மழை பெய்தால் பாலங்களின் அடியில் நீர் தேங்கும். அதனைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முன்பணமும் காலக்கெடுவும்

முதல் மாதம்தான் கடினமானது. 2025ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி கழியும். சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்குமாக இன்னும் பத்துப் பன்னிரண்டு வெள்ளி போகும். கையில் வருவது ஏறத்தாழ 1,500. அறை வாடகை 400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாத முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று வழக்கப்படி கேட்டால் 1,400 வெள்ளியைக் குடிபுகும் நாளிலேயே எடுத்து வைக்கவேண்டும். சம்பளமோ, சம்பள காலம் முடிந்து ஏழு நாட்களுக்குள் கொடுத்தால் போதும் என்பது சட்டம். மாதத் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் முதற்சம்பளத்தைக் காண ஐந்து வாரங்கூட ஆகலாம். அதுவரை சோற்றுக்கும் பெட்ரோலுக்கும் ஊரிலிருந்தே பணம் கொண்டுபோக வேண்டும். அதனைக் கடனாகக் கொடுக்க அங்கே மளிகைக் கடைக்காரர் யாரும் நம்மைத் தெரிந்தவர் அல்லர்.

தற்காலிகமாகப் போகிறவர்கள் பெரிதும் ஏமாறுவது வேறோர் இடத்தில். வேலை ஒப்பந்தம் ஆறு மாதம். வாடகை ஒப்பந்தம் பன்னிரண்டு மாதம். ஏழாம் மாதம் வீட்டைக் காலி செய்தால், காலக்கெடு முடியவில்லை என்று சொல்லி முன்பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள். கையெழுத்திட்ட பின் வாதாடிப் பயனில்லை. ஆகவே, 'எனக்கு வேலை ஆறு மாதந்தான். ஒரு மாத முன்னறிவிப்பில் காலி செய்யலாம் என்று எழுதிக்கொடுங்கள்' என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். சில வீட்டுக்காரர்கள் மறுப்பார்கள், சிலர் இசைவார்கள். தனி அறை வாடகைக்கு விடுபவர்கள் ஒரு மாத முன்பணத்துக்கே ஒப்புவதும் உண்டு. கேட்பதற்கு வெட்கப்படுவதுதான் நம்மிடம் உள்ள குறை. ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை செலுத்தியிருக்க வேண்டும். முத்திரையிடாத தாள் நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படாது. குடிபுகும் நாளன்று மின்சார மீட்டரையும் சுவரில் உள்ள விரிசலையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளியே தங்குமிடம் தருவதாயின் அதற்கும் சட்டம் உண்டு. 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் வீட்டு வசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம் முதலில் தோட்டத்து லயங்களையும் சுரங்கங்களையும் கருத்திற்கொண்டு எழுந்தது. 2020 ஜூன் முதல் நாளிலிருந்து அது மற்றத் தொழில்களில் முதலாளி தரும் விடுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் தனிக்கட்டில், மெத்தை, தலையணை, போர்வை, பூட்டக்கூடிய அலமாரி ஆகியவை இருக்கவேண்டும். ஒரே கட்டிலைப் பகல் ஷிப்டுக்காரரும் இரவு ஷிப்டுக்காரரும் மாறி மாறிப் பயன்படுத்துவது முறையன்று.

கையில் இருக்கவேண்டிய தாள்கள்

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் இருக்கவேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. அதில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது என்பதைக் கூர்ந்து பாருங்கள். தொழிற்சாலையின் வாசலில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் குத்தகையாளர் பெயர் என்று இருப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. சம்பளப் பாக்கி வந்தால் யாரைக் கேட்பது என்பது அந்தப் பெயரைப் பொறுத்தது. 2023ஆம் ஆண்டு முதல் வார வேலைநேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாயின் அதனை 26ஆல் வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு; எட்டு மணி வேலையாயின் மணிக்கு 8 வெள்ளி 17 காசு; ஆகவே மிகைநேரம் மணிக்கு 12 வெள்ளி 26 காசு. இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் தாமே போட்டுப் பார்த்துச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். பெரட்டுக் களத்தில் கங்காணி சொன்ன கணக்கையே நம்பிய காலம் போய்விட்டது.

சேமநிதிப் பணத்தை முதலாளி அடுத்த மாதம் 15ஆம் நாளுக்குள் கட்டியாக வேண்டும். கட்டினாரா என்பதைக் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். என் மருமகனைப் போல வீடு வாங்க எண்ணுபவர்களுக்கு இது மிக முக்கியம்; ஏனெனில் 2024 மே மாதம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட சேமநிதிக் கணக்கில், செஜாத்தெரா கணக்கிலிருந்தே வீட்டுக்குப் பணம் எடுக்க முடியும்.

பாதையில் நேர்ந்தது

முதல் மாதம் அவன் குத்தகையாளரின் விடுதியில், தொழிற்சாலைக்கு அருகிலேயே 16ஆம் பிரிவில் இருந்தான். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே அவனோடு தமிழில் பேச ஒருவரும் இல்லை. இரவு ஷிப்டு முடிந்து பகலில் தூங்கி, மாலையில் எழுந்து, ஒரு சொல் பேசாமல் மறுபடியும் வேலைக்குப் போகும் நாட்கள் தொடர்ந்தன. இரண்டாம் மாதம், தன் தோட்டத்து நண்பன் ஒருவன் சுங்கைவேயில் இருப்பது தெரிந்து அவன் அறைக்கு மாறிக்கொண்டான். வழி நீண்டது. வழியை முதலில் பார் என்று மேலே எழுதினேன்; ஆயினும் அவனை நான் குறை சொல்லமாட்டேன். மனிதனுக்குப் பேச்சுத் துணையும் ஒரு தேவைதான்.

அவன் செய்த பிழை, அறை மாறியதை முதலாளிக்கு எழுத்தில் தெரிவிக்காததே. நான்காம் மாதம் ஒரு மழை நாளில், பத்து தீகாவுக்கு அருகில் மோட்டார் சைக்கிள் தடத்தில் தேங்கிய நீரில் வழுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மருத்துவ விடுப்பு. வீட்டு முன்பணத்துக்கு வைத்திருந்த பணத்தில் கைவைக்க வேண்டிய நிலை.

வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வழியில் நேரும் விபத்து, வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும் என்பதைப் பலர் அறியார். 1969ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டம், குடியிருக்கும் வீட்டை மட்டுமன்றித் தங்கியிருக்கும் இடத்தையும் ஏற்கிறது. தற்காலிகத் தொழிலாளியும் அதன் பாதுகாப்பில் அடங்குவார். மருத்துவ விடுப்பு நான்கு நாட்களுக்குக் குறையாமல் இருந்தால், சராசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடு நாட்கணக்கில் கிடைக்கும். ஆனால் இடையில் வேறு காரியத்துக்காக வழியை விட்டு விலகிய வேளையில் விபத்து நேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. சொந்த ஊருக்கு விடுமுறையில் போகும் பயணத்தையும் வேலைப் பயணம் என்று எண்ணிவிடக்கூடாது.

கோரிக்கையோடு போலீஸ் புகார், வேலைக்கு வந்துபோன நேரப் பதிவு, தங்குமிடத்திலிருந்து வேலைத்தலம்வரை வழியைக் காட்டும் வரைபடம் ஆகியவற்றைக் கொடுக்கவேண்டும். இங்கேதான் சிக்கல் எழுந்தது. முதலாளியின் ஏட்டில் அவன் முகவரி 16ஆம் பிரிவு. அங்கிருந்து 15ஆம் பிரிவுத் தொழிற்சாலைக்குப் போகிறவன் கூட்டரசு நெடுஞ்சாலைக்கு ஏன் வந்தான் என்ற கேள்விக்கு அந்தத் தாளில் விடையில்லை. சுங்கைவே அறையின் வாடகை ஒப்பந்தம் நண்பனின் பெயரில் இருந்தது. நல்லவேளையாக, அவன் தன் பங்கு வாடகையை ஒவ்வொரு மாதமும் கையில் கொடுக்காமல் வங்கி வழியே வீட்டுக்காரருக்கு அனுப்பியிருந்தான். அந்த மூன்று மாதப் பதிவும் வீட்டுக்காரர் எழுதித் தந்த கடிதமும் சேர்ந்து அவன் அங்கே தங்கியிருந்ததை மெய்ப்பித்தன. தாள்களைத் திரட்டிக் கொடுக்கவே ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் என் தங்கை தோட்டத்து வீட்டைக் காலி செய்யும் தேதியைக் காலண்டரில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

உதவித்தொகை வந்தது. ஒப்பந்தக் காலத்தில் மீதமிருந்த வாரங்களை அவன் இலேசான வேலையில் கழித்தான். மிகைநேரம் இல்லாததால் எண்ணிய தொகையில் ஏறத்தாழ எண்ணூறு வெள்ளி குறைந்தது. அதனை நானும் அவனுடைய பெரியப்பாவுமாகச் சேர்த்துக் கொடுத்தோம். அறையை விடும் நாளன்று அவன் மீட்டரைப் படம் எடுத்து, சாவியை வீட்டுக்காரர் கையில் ஒப்படைத்து, சம்பளச் சீட்டுகளையும் வேலைச் சான்றுக் கடிதத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டுக்கொண்டு பேருந்து ஏறினான். அடுத்த வாரம் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். வாசலில் நின்ற அஞ்சல்காரர் முகவரியைக் கேட்டபோது, ஐந்து இலக்கக் குறியீட்டையும் சேர்த்து அவன் ஒப்பித்ததை நான் கேட்டேன்.